கெட்டுப்போகும் முன் பார்க்கிற ஆள் வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

சிறு, நடுத்தரத் தொழில் நடத்துபவர்கள் கணினிப் பராமரிப்பு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, கோவையில் ஐடி பராமரிப்புச் சேவை நடத்திவரும் பெண் தொழில்முனைவோர் பதில் சொல்கிறார்.

*

பின்னலாடை யூனிட் உரிமையாளர், திருப்பூர்: எங்களிடம் 18 கம்ப்யூட்டரும் ஒரு சர்வரும் இருக்கின்றன. பழுது என்றால் தெரிந்த பையனைக் கூப்பிடுவோம். வந்து சரிசெய்துவிட்டு அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு போவான். இப்போது ஒரு கம்பெனிக்காரர்கள் 'மேனேஜ்டு சர்வீஸ்' எடுங்கள், ஒரு கம்ப்யூட்டருக்கு மாதம் இவ்வளவு என்கிறார்கள். எதுவுமே கெடாத மாதத்துக்கும் பணம் கொடு என்பது என்ன நியாயம் மேடம்?

எதுவும் கெடாத மாதம் தானாக வருவதில்லை. அப்படி ஒரு மாதம் வருவதற்காகத்தான் அந்தப் பணம்.

உங்கள் பையனை நான் குறை சொல்லவில்லை. நம் பக்கத்தில் எத்தனையோ யூனிட்கள் அப்படிப்பட்டவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் அவருக்கு வருமானம் எப்போது வருகிறது என்று யோசியுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் கெட்டால்தான் வரும். மாதக் கட்டணம் வாங்குகிறவருக்கு இது தலைகீழ். உங்களிடம் ஏதாவது கெட்டால் அவருடைய ஆள் ஓடி வர வேண்டும், பெட்ரோல் அவர் செலவு, ராத்திரிக் கண்விழிப்பும் அவர் செலவு. ஆகவே கெடாமல் பார்த்துக்கொள்வதில் உங்களுக்கு எவ்வளவு லாபமோ அவ்வளவு லாபம் அவருக்கும் இருக்கிறது.

என்ன செய்வார்கள் என்று கேட்டால், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'ஏஜென்ட்' என்று ஒரு சின்ன மென்பொருளைப் போடுவார்கள். விண்டோஸ் அப்டேட் ஏறியிருக்கிறதா, ஆன்டிவைரஸ் ஓடுகிறதா, நேற்று ராத்திரி பேக்கப் முடிந்ததா, டிஸ்க்கில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று அது அவர்களுடைய திரைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். சிவப்பு விழுந்தால் பெரும்பாலும் அங்கிருந்தபடியே சரிசெய்வார்கள். முடியாவிட்டால் ஆள் வரும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நாங்கள் பார்க்கும் பம்ப் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க். எல்லா டிஸ்க்கும் தன் உடம்பு நிலையைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். அதில் ஒரு கணக்கு, கெட்டுப்போன பகுதிகளை ஒதுக்கிவிட்டு வேறு இடத்தில் எழுதிய எண்ணிக்கை. மாதக்கணக்கில் பூஜ்யமாக இருந்தது 8 ஆனது, அப்புறம் 40 ஆனது. வெளியே பார்த்தால் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டோர்ஸ்காரர் ஒரு புகாரும் சொல்லவில்லை. 'ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துகிறீர்கள்' என்றுதான் முதலாளி கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகல் எடுத்து மாட்டினோம். திங்கட்கிழமை காலையில் வந்தவருக்கு டிஸ்க் மாறியதே தெரியாது.

அதே டிஸ்க் ஒரு டெஸ்பாட்ச் நாளில் போயிருந்தால்? 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் பொதுவாக இ-வே பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட்டிலிருந்து இ-இன்வாய்ஸும் கட்டாயம். பில் போடும் கம்ப்யூட்டர் நின்றால் இன்றைக்குத் தொழிலே நிற்கிறது. ஏற்றுமதியும் செய்கிறீர்கள் என்றால் கப்பல் தேதியும் சேர்த்து. அந்த ஒரு நாள் நஷ்டத்தை நீங்களே கணக்குப் போட்டு மாதக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பழைய ஏஎம்சியையே, அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தையே, பெயர் மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவேன், பார்ட்ஸ் தனி என்றால் அது ஏஎம்சிதான். 'போன மாதம் எங்களைப் போன்ற இன்னொரு வாடிக்கையாளருக்குக் கொடுத்த ரிப்போர்ட்டைப் பெயரை மறைத்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். எந்தக் கம்ப்யூட்டரில் என்ன அப்டேட் விடுபட்டது, எந்த பேக்கப் தவறியது, என்ன செய்தோம் என்று பெயர் பெயராக இருக்க வேண்டும். 'எல்லாம் நலம்' என்று ஒரு பக்கம் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று: நாலைந்து கம்ப்யூட்டர் வைத்து, மெயிலும் கோப்புகளும் கூகுளிலோ மைக்ரோசாஃப்ட்டிலோ இருந்தால் மாதச் சேவை அவசியமில்லை. உங்களைப் போல 18 கம்ப்யூட்டர், சொந்த சர்வர் என்றால் அவசியம்.

*

மஞ்சள் மொத்த வியாபாரி, ஈரோடு: கணக்கு மென்பொருளான டாலியை வீட்டிலிருந்து பார்ப்பதற்காக, சர்வீஸ் பார்ப்பவர் ரவுட்டரில் ஏதோ 'போர்ட்' திறந்துவிட்டார். நன்றாகத்தான் ஓடுகிறது. பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் மருமகன் இதைப் பார்த்துவிட்டு 'மாமா, உடனே மூடுங்க' என்று பதறுகிறார். அவ்வளவு ஆபத்தா?

மருமகன் சொல்வது சரி. இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் மூடச் சொல்லுங்கள்.

போர்ட் என்பது வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் வரும் எண்ணிட்ட கதவு. அவர் திறந்திருப்பது பெரும்பாலும் 3389 என்ற எண்ணாக இருக்கும். தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் அந்த வழியாகத்தான் பேசும். உலகத்தில் எந்த இணைய முகவரியில் இது திறந்திருக்கிறது என்று தேடுவதையே வேலையாக வைத்திருக்கும் இயந்திரங்கள் பகலும் இரவும் ஓடுகின்றன. கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான். நீங்கள் ஈரோட்டில் மஞ்சள் விற்பவர், உங்களை யார் தேடப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் ஆளைத் தேடவில்லை, திறந்த கதவைத் தேடுகிறார்கள். சிலர் 3389-ஐ வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அந்த இயந்திரங்கள் வேறு எண்களையும் தட்டிப் பார்க்கும்.

உள்ளே வந்தவர்கள் உடனே எதையும் செய்ய மாட்டார்கள். பேக்கப் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். அதை அழித்துவிட்டுத்தான் டாலி கோப்புகளைப் பூட்டுவார்கள். அதற்கும் யாரும் இல்லாத சனி ராத்திரி, பண்டிகை விடுமுறை மாதிரி நேரமாகப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை வந்து திறந்தால் கோப்பின் பெயரெல்லாம் மாறி, பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் இருக்கும்.

வீட்டிலிருந்து பார்க்க வேண்டியது உங்கள் தேவை, அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். விபிஎன் (உங்களுக்கு மட்டுமான பூட்டிய இணைய வழி) போட்டு, உள்ளே நுழையும்போது மொபைலுக்கு ஓடிபி வரும்படி வையுங்கள். கணக்கைப் பார்த்தால் மட்டும் போதும், எழுத வேண்டாம் என்றால் டாலி பிரைமிலேயே பிரவுசரில் ரிப்போர்ட் பார்க்கும் வசதி இருக்கிறது.

அப்டேட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) உலகம் முழுவதும் பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் வரை முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. மாதச் சேவை எடுத்த இடத்தில் இந்த இரண்டு மாதம் சும்மா போகக் கூடாது.

ஒருவேளை ஏற்கெனவே மாட்டிக்கொண்டால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பேக்கப் டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் செருகாதீர்கள். ஃபார்மட் செய்ய விடாதீர்கள். சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல் தர வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வந்த உத்தரவும் இருக்கிறது. செர்ட்-இன்னுக்கான அந்தத் தகவலை யார் எழுதுவார் என்று உங்கள் சேவைக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

*

காலண்டர் அச்சகம் நடத்துபவர், சிவகாசி: பல வருட டிசைன் கோப்புகள் 2 டெராபைட் இருக்கின்றன. சர்வரோடு மாட்டியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தினமும் ராத்திரி தானாக பேக்கப் ஆகிறது. ஆடிப்பெருக்குக்குப் புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிடும் நேரத்தில் எதுவும் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. இது போதுமா, கிளவுடும் வேண்டுமா?

போதாது. சர்வரோடு எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க்கை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. சர்வரைப் பூட்டும் வைரஸ் அதையும் பூட்டும். மின்சாரம் ஏறி இறங்கினால் இரண்டும் சேர்ந்து போகும். தண்ணீர் வந்தாலும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த மாதிரி நாளில் சர்வரும் பேக்கப்பும் ஒரே மேஜையடியில் இருந்தால் என்ன மிஞ்சும்?

எங்கள் தொழிலில் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வோம். மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். உங்களுக்கு நான் சொல்வது இது: சர்வரில் ஒன்று. அலுவலகத்திலேயே ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டும் தனிச் சேமிப்புப் பெட்டி) இன்னொன்று, அதற்குத் தனி பாஸ்வேர்டு, டிசைனர் கம்ப்யூட்டர்களிலிருந்து அதைத் தொட முடியாதபடி. அப்புறம் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று அலுவலகத்தில் இருக்கும்போது மற்றது உங்கள் வீட்டு பீரோவில்.

கிளவுடைப் பற்றிக் கேட்டீர்கள். 2 டெராபைட்டை 50 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் ஏற்றினால், லைன் ஒரு நொடிகூட அறுபடாமல் இருந்தாலே ஏறக்குறைய நான்கு நாள் ஆகும். திரும்ப இறக்கவும் நேரம் வேண்டும். ஆல்பம் வேலை நடக்கும் வாரத்தில் நான்கு நாள் காத்திருக்க முடியுமா? ஆகவே எல்லாவற்றையும் மேலே ஏற்றாதீர்கள். இந்த வருடத்து வேலை, கணக்கு, பார்ட்டி விவரம் மட்டும் கிளவுடுக்குப் போகட்டும். பழைய டிசைன்களுக்கு வீட்டு டிஸ்க் போதும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. பேக்கப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் உலகத்துப் புரோகிராமர்களின் வேலையைச் சேமித்து வைப்பதையே தொழிலாகச் செய்கிறது. 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய இன்ஜினியர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட பேக்கப் முறைகளை வைத்திருந்தார்கள். எடுக்கப் போனால் வழக்கமான பேக்கப் பல நாளாக ஓடாமலே இருந்திருக்கிறது. தவறினால் வர வேண்டிய எச்சரிக்கை மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்த பிரதி ஒன்று இருந்ததால் தப்பித்தார்கள். அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். அதை மறைக்காமல் உலகத்துக்கே சொன்ன அவர்களை நான் மதிக்கிறேன். எங்கள் பையன்களுக்கு முதல் வாரத்தில் இதைத்தான் பாடமாகச் சொல்வேன்.

அந்த அளவு ஆட்களுக்கே இது நடந்தால் நம் அலுவலகத்தில் நடக்காதா? ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சேவைக்காரரை உட்கார வைத்து, 'போன தை மாதம் இந்த பார்ட்டிக்குப் போட்ட முருகர் டிசைன், அந்தத் தேதியில் இருந்தபடி வேண்டும், என் முன்னால் எடுங்கள்' என்று சொல்லுங்கள். எந்தக் கோப்பு என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டாம். எடுத்த கோப்பை கோரல் டிராவில் திறக்கச் சொல்லுங்கள். பெயர் இருந்தும் உள்ளே காலியாக இருக்கும் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஃபான்ட், படம் எல்லாம் சரியாக வருகிறதா என்று உங்கள் டிசைனரே பார்க்கட்டும். எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் வாடிக்கையாளர் எல்லோரிடமும் இந்த நோட்டு இருக்கிறது. ஒரு சேவைக்காரர் இதற்குத் தயங்கினால் அவரிடம் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஆல்பம் வேலை தொடங்குவதற்கு முன், ஆனி மாதத்தில் ஒருமுறை கட்டாயம் செய்யுங்கள்.

*

உதிரிபாகத் தயாரிப்பாளர், அம்பத்தூர்: வெப்சைட்டும் மெயிலும் செய்து கொடுத்தவர் எங்கள் டொமைனை (இணைய முகவரிப் பெயரை) தன் பெயரில் பதிவு செய்திருப்பது இப்போதுதான் தெரிந்தது. போனை எடுப்பதில்லை. புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. என்ன செய்வது?

முதலில் மெயிலைக் காப்பாற்றுங்கள். டொமைன் காலாவதியானால் மெயில் வருவது நின்றுவிடும். எல்லோருடைய மெயில்பாக்ஸையும் இன்றே ஒரு டிஸ்க்கில் இறக்கி வையுங்கள். முக்கியமான வாடிக்கையாளர்களுக்கு மாற்று முகவரியைப் போனில் சொல்லி வையுங்கள்.

அப்புறம் நீங்கள் அவருக்குப் பணம் கொடுத்த பில், வங்கி விவரம், அவர் அனுப்பிய மெயில் எல்லாவற்றையும் சேர்த்து, டொமைனை மாற்றித் தரும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அந்த டொமைன் எந்தப் பதிவு நிறுவனத்தில் இருக்கிறது என்பது ஹூஇஸ் என்ற இணையத் தேடலில் தெரியும். அவர்களுக்கும் பிரதி அனுப்புங்கள். புதுப்பிக்கும் பணத்தை நீங்களே கட்ட முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் முடியும். டாட் இன் டொமைனாக இருந்து, பெயர் உங்கள் டிரேட்மார்க்காகவும் இருந்தால், டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸியின் தகராறு தீர்க்கும் முறை இருக்கிறது. அதற்கு வக்கீல் வேண்டும், நாளாகும்.

இது நடக்காமல் இருக்கவே, நாங்கள் ஒப்பந்தம் போட்ட முதல் வாரத்தில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுவோம். டொமைன் கணக்கு, கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட்டின் முதன்மை அட்மின், ஃபயர்வால் பாஸ்வேர்டு, சர்வர் அட்மினிஸ்ட்ரேட்டர், பேக்கப்பைத் திறக்கும் கீ, டாலி சீரியல் எண். முதலாளி பெயரில், முதலாளி மொபைல் எண்ணில், ஒட்டிய கவரில் அவர் பீரோவில். சேவைக்காரருக்குத் தனி அட்மின் கணக்கு. நாளைக்கு எங்களை நிறுத்த நினைத்தால் அந்தக் கணக்கை மூடினால் போதும். வாடிக்கையாளரைப் பாஸ்வேர்டால் கட்டிவைக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

*

ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துபவர், மதுரை: ஒப்பந்தத்தில் '99.5 சதவீத அப்டைம், 4 மணி நேர ரெஸ்பான்ஸ்' என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

அப்டைம் என்றால் சிஸ்டம் நிற்காமல் ஓடும் நேரம். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் அரை சதவீதம் ஏறக்குறைய 44 மணி. அவ்வளவு நேரம் நின்றாலும் ஒப்பந்தப்படி அவர் மேல் தவறில்லை. 99.9 என்றால் 9 மணிக்குள் வந்துவிடும். காலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கு ரிப்போர்ட் கொடுக்கிற உங்களுக்கு, எந்த மணி என்பதும் முக்கியம். காலை 6 முதல் 11 வரை என்று தனியாக எழுதி வாங்குங்கள். ஞாயிறும் அதில் வருகிறதா என்று பாருங்கள்.

'ரெஸ்பான்ஸ்' என்றால் போனை எடுத்துப் புகாரைப் பதிவு செய்வது. சரிசெய்து முடிப்பதற்கு எத்தனை மணி என்பது வேறு வரி. அந்த வரி இருக்கிறதா?

உங்களுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. நோயாளியின் பெயர், வயது, முடிவு எல்லாம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இன் கீழ் வருகின்றன. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். போதிய பாதுகாப்பு செய்யாமல் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சேவைக்காரரின் சர்வரிலிருந்து கசிந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். கசிவு தெரிந்தால் எத்தனை மணிக்குள் உங்களிடம் சொல்வார், ஒப்பந்தம் முடிந்ததும் உங்கள் தகவலை அழித்ததற்கு எழுத்தில் உறுதி தருவாரா என்ற இரண்டையும் சேர்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

*

வீட்டு ஜவுளி ஏற்றுமதியாளர், கரூர்: எங்கள் ஜெர்மனி பையர், நாங்கள் அனுப்பியதாக வந்த மெயிலை நம்பி வேறொரு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டார். எங்கள் மெயில் பாஸ்வேர்டு வெளியாள் யாருக்கும் தெரியாது. எப்படி நடந்திருக்கும்?

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. முதலில் பணம். பையர் தன் வங்கியில் உடனே ரீகால் (அனுப்பிய பணத்தைத் திருப்பி வாங்குவது) கேட்டு, அங்கே போலீஸ் புகாரும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நீங்கள் இங்கே 1930-இல் பதிவு செய்யுங்கள்.

எப்படி என்பதற்கு இரண்டு இடத்தைப் பாருங்கள். அந்த மெயிலின் அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டால் 'எம்' மாதிரியே தெரியும். அப்படி ஒரு டொமைனை அவர்கள் விலைக்கு வாங்கியிருப்பார்கள். முகவரி உங்களுடையதேதான் என்றால் மெயில் செட்டிங்கில் ரூல்ஸ், ஃபார்வர்டிங் என்ற பகுதிகளைத் திறந்து பாருங்கள். 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் மெயிலெல்லாம் வேறு ஃபோல்டருக்குப் போ என்று யாரோ ஒரு ரூல் எழுதி வைத்திருக்கலாம். அப்படியானால் வாரக்கணக்கில் உங்கள் மெயிலைப் படித்து, பில் போகும் நாளைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரு போலி லாகின் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் பாஸ்வேர்டைத் தட்டியிருந்தால் போதும், இதெல்லாம் நடக்கும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் அந்த ரூல் அப்படியே இருக்கும், அதையும் அழிக்க வேண்டும்.

கவனமான சேவைக்காரர் எல்லா மெயிலுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டிருப்பார். புது ஃபார்வர்டிங் ரூல் உருவானால் தனக்கு எச்சரிக்கை வரும்படி வைத்திருப்பார். உங்கள் டொமைன் பெயரில் வேறு யாரும் மெயில் அனுப்பாதபடி எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கட்டியிருப்பார். இருந்தாலும் ஒரே மாதிரி தெரிகிற வேறு டொமைனை எந்த மென்பொருளாலும் முழுதாகத் தடுக்க முடியாது. வங்கிக் கணக்கு மாற்றம் என்று மெயில் வந்தால், பழைய எண்ணில் கூப்பிட்டுக் குரல் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று உங்கள் எல்லா பையர்களுக்கும் எழுதுங்கள். இன்வாய்ஸின் அடியிலேயே அச்சடித்துவிடுங்கள்.

*

ஜவ்வரிசி ஆலை உரிமையாளர், சேலம்: எல்லாவற்றையும் ஒரே சேவைக்காரரிடம் கொடுத்தபின் அவரையே ஹேக் செய்துவிட்டால்?

சரியான கேள்வி. நடந்திருக்கிறது. 2021 ஜூலை 2 அன்று, எங்களைப் போன்ற சேவைக்காரர்கள் வாடிக்கையாளர் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கப் பயன்படுத்தும் கசேயா என்ற மென்பொருள் வழியாகவே ஹேக்கர்கள் ரான்சம்வேரை அனுப்பினார்கள். நேரடியாக அடிபட்ட சேவை நிறுவனங்கள் 60-க்கும் குறைவு. அவர்களுக்குக் கீழே பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 800 முதல் 1,500 வரை என்று கசேயாவே சொன்னது. ஸ்வீடனில் கூப் என்ற மளிகைக் கடைகளில் பில் போட முடியாமல் நூற்றுக்கணக்கான கிளைகளை மூடினார்கள். நம் நாட்டில் 2024 ஜூலை 31 அன்று, சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்ததால், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அதன் இணைப்பைத் துண்டித்தது. ஏறக்குறைய 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப் பரிமாற்றம் நின்றது.

ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் ஆட்கள் எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஓடிபி கேட்கிறதா? வேலையை விட்டுப் போன இன்ஜினியரின் கணக்கை எப்போது மூடுகிறீர்கள்? உங்கள் சிஸ்டம் முழுதும் போனாலும் எங்கள் பேக்கப்பை நாங்களே திறக்க முடியுமா? மூன்றாவதற்கு முடியும் என்று பதில் வர, வீட்டு பீரோவில் பேக்கப் டிஸ்க்கும் அதைத் திறக்கும் கீயும் இருக்க வேண்டும்.

*

தென்னை நார் நிறுவன சிஸ்டம் அட்மின், பொள்ளாச்சி: முதலாளி வெளியே கொடுக்கப் போகிறார் என்று பேச்சு. எனக்கு வேலை போய்விடுமா?

உங்கள் முதலாளி மனதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் போகும் இடங்களில் உள்ளே ஒரு ஆள் இருந்தால்தான் எங்கள் வேலை நன்றாக நடக்கிறது. எடைமேடைக் கம்ப்யூட்டர் மழைக்காலத்தில் ஏன் நிற்கிறது, எந்த மெஷினின் பழைய மென்பொருள் அப்டேட் போட்டால் ஓடாது, எந்தப் பிரின்டரில் பார்கோடு சரியாக வரும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ராத்திரி எச்சரிக்கை, அப்டேட், ஃபயர்வால் இதெல்லாம் ஒரு ஆள் தனியாகச் சுமக்கக் கூடாத வேலை. நீங்கள் லீவு போட்டுக் குடும்பத்தோடு பழனிக்குப் போக முடிகிறதா?

பேச்சு தொடங்குவதற்கு முன் நீங்களே ஒரு தாள் எழுதி முதலாளியிடம் கொடுங்கள். இந்த வேலைகள் வெளியே போகட்டும், இவை என்னிடம் இருக்கட்டும், அவர்களுடைய மாத ரிப்போர்ட்டைப் படித்துச் சரிபார்ப்பது என் பொறுப்பு என்று பிரித்து எழுதுங்கள். ரிப்போர்ட்டைப் படித்துக் கேள்வி கேட்க உள்ளே ஆள் இல்லாத நிறுவனத்துக்குச் சேவை மெல்ல மெல்ல மோசமாகும். இதை முதலாளியிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

*

லாரி புக்கிங் ஆபீஸ், நாமக்கல்: பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 10 ஓடுகிறது. உடனே மாற்ற வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. நிறுவனங்கள் பணம் கட்டி அதிகபட்சம் மூன்று வருடம் நீட்டிக்கலாம். முதல் வருடம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பாகும். விண்டோஸ் 11 ஏற, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கம்ப்யூட்டரில் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரிலிருந்துதான் ஏறும். ஏறாத கம்ப்யூட்டருக்கு இரண்டாம் வருடப் பணம் கட்டுவது வீண். பில் போடுகிறவை, வங்கிக் கணக்கு பார்க்கிறவை இரண்டையும் முதலில் மாற்றுங்கள். மற்றவற்றை அடுத்த நிதியாண்டுக்குள் ஒவ்வொன்றாக மாற்றலாம். பழைய டிஸ்க்குகளைக் காயலான் கடைக்குப் போடும் முன் சேவைக்காரரிடம் கொடுத்து முழுதாக அழித்துவிடச் சொல்லுங்கள்.